அலுமினியத்தை மின்சாரம் உருக்குவதில்லை

"அலுமினியம் எடுக்க ஏன் இவ்வளவு மின்சாரம் செலவாகிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், "தாதுவை உருக்க வேண்டுமே, அதற்குத்தான்" என்பது. பள்ளியில் வேதியியல் படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள்: "அலுமினாவின், அதாவது தாதுவைச் சுத்தம் செய்தால் வரும் வெள்ளைப் பொடியின், உருகுநிலை ரொம்ப அதிகம். கிரையோலைட் என்ற கனிமத்தைச் சேர்த்தால் அது குறைந்துவிடும். அப்புறம் கரண்ட் விட்டால் அலுமினியம் வந்துவிடும்." தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அலுமினியம் பிரியும் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது இந்தப் பதிலில் இல்லை. மின்சாரம் அங்கே அடுப்பு வேலை பார்க்கப் போகவில்லை. அது பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தனிமங்களைப் பிரித்தெடுக்கப் போகிறது. சூடு என்பது அந்த வேலையோடு கூடவே வருவது.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஏன் பாக்சைட் என்ற தாது இருக்கும் இடத்தில் உருக்காலை இல்லை, ஏன் 1886 வரை உலகம் காத்திருந்தது, ஏன் பழைய அலுமினியத்துக்குக் காயலான் கடையில் நல்ல விலை கிடைக்கிறது என்று எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. வேதியியல் படிக்காதவருக்கும் புரியும்படி அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

ஆக்சிஜனை விடாத உலோகம்

அலுமினியம் அரிதான பொருள் இல்லை. பூமியின் மேலோட்டில் எடைக்கு ஏறத்தாழ 8 சதவீதம் அதுதான். உலோகங்களில் அதற்கே முதலிடம், இரும்புகூட அதற்கு அடுத்துத்தான். குயவர் மிதிக்கும் களிமண்ணில் அலுமினியம் இருக்கிறது, செங்கல்லில் இருக்கிறது, கருங்கல்லில் இருக்கிறது. ஆனால் எங்கே தோண்டினாலும் உலோகமாக ஒரு துண்டுகூட அகப்படுவதில்லை. எல்லா இடத்திலும் அது ஆக்சிஜனோடு கைகோத்தே இருக்கிறது.

அந்தப் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதை இரும்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரும்புத் தாதுவிலும் இரும்பு ஆக்சிஜனோடுதான் சேர்ந்திருக்கிறது. ஆனால் கரியைப் போட்டு உலையில் ஊதினால், கரி அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு வாயுவாகப் போய்விடும், இரும்பு மிஞ்சும். நொய்யல் கரையில் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்பு உருக்கும் உலைகள் கிடைத்தன. மண் உலை, மரக்கரி, துருத்தி, இவை போதும்.

அதே உலையில் அலுமினியத் தாதுவைப் போட்டால் ஒன்றும் நடக்காது. அலுமினியத்திடமிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் பலம் அந்தச் சூட்டில் கரிக்கு இல்லை. 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றினால் கரி கொஞ்சம் வெல்லும். ஆனால் அப்போது பிரிந்த அலுமினியம் கரியோடேயே சேர்ந்து அலுமினியம் கார்பைடு என்ற வேறொரு பொருளாகிவிடும்.

"அலுமினியம் துருப்பிடிப்பதில்லையே, அப்புறம் எப்படி அதற்கு ஆக்சிஜன் மேல் இவ்வளவு நாட்டம்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அலுமினியத்தை வெட்டிய அந்த நொடியே அதன் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய தோல் போர்த்திக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கைவிட மெல்லிய தோல். இரும்புத் துரு பொடிந்து உதிரும். இந்தத் தோல் உதிராது, இடைவெளியும் விடாது. அதனால் உள்ளே இருக்கும் உலோகம் தப்பிக்கிறது. நம் சமையலறை அலுமினியப் பாத்திரம் மங்கலாகத் தெரிவதற்கு இந்தத் தோலும் ஒரு காரணம். ஆக, அது துருப்பிடிக்காமல் இருப்பதே ஆக்சிஜன் மேல் அதற்குள்ள நாட்டத்தால்தான்.

இந்த நாட்டத்தை வெல்ல முடியாததால்தான் அலுமினியம் ஒரு காலத்தில் நகைக்கடைப் பொருளாக இருந்தது. 1825-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், அதற்கு இரண்டு ஆண்டு கழித்து ஜெர்மனியின் ஓலர், இருவரும் பொட்டாசியத்தின் உதவியோடு துளித்துளியாக அதைப் பிரித்தார்கள். 1854-இல் பிரான்சின் சாந்த்-கிளேர் தெவீய் சோடியத்தைக் கொண்டு கொஞ்சம் கூடுதல் அளவில் எடுத்தார். ஆக்சிஜனுக்குப் பதில் குளோரினோடு சேர வைத்த அலுமினியத்தை மீட்கவே, அதைவிட மூர்க்கமான சோடியத்தைச் செலவழிக்க வேண்டியிருந்தது. அந்தச் சோடியமே விலை உயர்ந்தது. 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைத்த அலுமினியக் கூம்பு ஏறத்தாழ 2.8 கிலோ. அப்போது அது பெருமைக்குரிய பெரிய வார்ப்பு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: அலுமினியம் எங்கும் இருக்கிறது, ஆனால் ஆக்சிஜனோடு இறுகக் கட்டுண்டு இருக்கிறது. கரியும் நெருப்பும் அந்தக் கட்டை அவிழ்க்கப் போதாது.

பாக்சைட்டிலிருந்து வெள்ளைப் பொடி வரை

பாக்சைட் என்பது அலுமினியத் தாது. செம்மண் நிறத்தில், பல இடங்களில் பயறு பயறாக உருண்டைகள் பதிந்ததுபோல் இருக்கும் பாறை. பிரான்சின் தெற்கே லே போ என்ற ஊரருகே 1821-இல் பியேர் பெர்த்தியே இதை இனங்கண்டார். அந்த ஊர்ப் பெயரே தாதுவுக்கு நிலைத்துவிட்டது.

இங்கே பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. பாக்சைட்டை நேராக மின்தொட்டியில் போடுவதில்லை. அதில் இரும்பும், மணலின் பொருளான சிலிக்காவும் கலந்திருக்கின்றன. அப்படியே போட்டால் அலுமினியத்துக்கு முன்னால் இரும்பும் சிலிக்கனும் பிரிந்து வந்து உலோகத்தைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். அந்தச் சுத்திகரிப்பு முறையை 1880களின் இறுதியில் கார்ல் யோசப் பாயர் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர், ரஷ்யாவில் இருந்தபோது உருவாக்கினார். அவர் இறங்கியது துணிச் சாயத் தொழிலுக்கான அலுமினா செய்ய. அது அலுமினியத் தொழிலின் அஸ்திவாரமாகிவிட்டது.

முறை இதுதான். பாக்சைட்டை அரைத்து, சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் அழுத்தத்தோடு வேகவிடுவார்கள். அலுமினியச் சேர்மம் மட்டும் கரைந்துவிடும், இரும்பு கரையாது. வடிகட்டினால் தெளிந்த நீர் ஒரு பக்கம், சிவப்புச் சேறு ஒரு பக்கம்.

அடுத்து, தெளிந்த நீரிலிருந்து அலுமினியச் சேர்மத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். பனங்கற்கண்டு எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருந்தால் இது உடனே விளங்கும். பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் கட்டிய பானையில் ஊற்றி, அசையாமல் நாள்கணக்கில் விட்டுவிடுவார்கள். பாகு ஆற ஆறச் சர்க்கரை நூலைப் பற்றிக்கொண்டு கட்டி கட்டியாக வளரும். இங்கேயும் அப்படித்தான். கரைசலை ஆறவிட்டு, ஏற்கெனவே செய்த படிகங்களில் கொஞ்சத்தை விதையாகத் தூவுவார்கள். அந்த விதைகளைப் பற்றி அலுமினியம் ஹைட்ராக்சைடு வளரும். அதை 1,000 டிகிரிக்கு மேல் சுட்டால் தண்ணீர் ஓடிப்போய் வெள்ளைப் பொடி மிஞ்சும். அதுதான் அலுமினா: இரண்டு அலுமினிய அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு என்ற கணக்கில், இவை இரண்டை மட்டும் கொண்ட சேர்மம். ஏறத்தாழ 4 டன் பாக்சைட்டிலிருந்து 2 டன் அலுமினா, அதிலிருந்து 1 டன் அலுமினியம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு.

மீதமாகும் சிவப்புச் சேறு சின்ன விஷயம் இல்லை. காரம் மிகுந்த அது ஏரி ஏரியாகத் தேங்கிக் கிடக்கிறது. ஹங்கேரியின் ஆய்க்கா நகரருகே 2010 அக்டோபர் 4 அன்று அப்படி ஒரு தேக்கத்தின் கரை உடைந்து, சேறு ஊர்களுக்குள் புகுந்து 10 பேர் இறந்தார்கள். அலுமினியத்தைப் பற்றிப் பேசும்போது மின்சாரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

மின்னாற்பகுப்பு என்றால் என்ன?

டார்ச் செல்லுக்குள் இரண்டு பொருள்கள் தாமாகவே வினைபுரிய, அதிலிருந்து மின்சாரம் வருகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் குழாய் வழியே தானாக இறங்குவதுபோல. மின்னாற்பகுப்பு இதன் தலைகீழ். தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் போடுகிறோம் அல்லவா, அதுபோல, தானாக நடக்காத ஒரு வேதிவினையை வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து நடத்துவதுதான் மின்னாற்பகுப்பு. செல்போன் பேட்டரியை சார்ஜ் போடும்போது நடப்பதும் இந்த வகைதான்.

அலுமினியம் ஆக்சிஜனோடு சேரும்போது, ஒவ்வொரு அலுமினிய அணுவும் தன்னிடமுள்ள எலக்ட்ரான் என்ற நுண்ணிய மின்துகள்களில் மூன்றை விட்டுக்கொடுக்கிறது. ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரானை இழந்த அல்லது பெற்ற அணுவுக்கு அயனி என்று பெயர். அலுமினியத்தை மறுபடி உலோகமாக்க வேண்டுமென்றால் அந்த மூன்று எலக்ட்ரான்களையும் அதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பி வழியே ஓடும் மின்னோட்டம் என்பது எலக்ட்ரான்களின் ஓட்டம்தானே? எனவே இந்த வேலையில் மின்சாரமே ஒரு மூலப்பொருள். கொத்தனாருக்குச் சிமெண்ட் எப்படியோ அப்படி. எவ்வளவு அலுமினியம் வேண்டுமோ அவ்வளவு எலக்ட்ரான் எண்ணிக் கொடுத்தாக வேண்டும்; இதில் குறுக்கு வழியே கிடையாது.

எலக்ட்ரான் உள்ளே நுழையும் முனைக்கு எதிர்மின்வாய் என்று பெயர். அங்கேதான் உலோகம் பிறக்கும். எலக்ட்ரான் வெளியேறும் முனை நேர்மின்வாய். ஆக்சிஜன் தன் கூடுதல் எலக்ட்ரான்களை அங்கேதான் கழற்றும். இரண்டுக்கும் நடுவே, அயனிகள் நகர்ந்து போவதற்கு இடம் கொடுக்கும் திரவத்துக்கு மின்பகுளி என்று பெயர்.

உப்பு தண்ணீரில் உருகுவதில்லை, கரைகிறது

இப்போது சிக்கல் வருகிறது. அயனிகள் நகர வேண்டுமானால் அலுமினா திரவ நிலைக்கு வர வேண்டும். அலுமினாப் பொடி தண்ணீரில் கரையாது. கரையக்கூடிய வேறு அலுமினிய உப்பை எடுத்துக்கொண்டு தண்ணீரில் கரைத்து மின்சாரம் விட்டாலும், அலுமினியம் வராது. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் எலக்ட்ரானை இன்னும் எளிதாக வாங்கிக்கொண்டு வாயுவாகப் போய்விடும். அலுமினியம் வரிசையில் நின்றுகொண்டே இருக்கும்.

சரி, தண்ணீர் இல்லாமல் அலுமினாவையே உருக்கிவிட்டால்? அது உருக 2,050 டிகிரிக்கு மேல் வேண்டும். அலுமினா எவ்வளவு திடமான பொருள் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: மாணிக்கமும் நீலக்கல்லும் நிறமேறிய அலுமினாப் படிகங்கள்தான். அந்தக் கனிமத்துக்குத் தமிழில் குருந்தம் என்று பெயர். உலக மொழிகளில் அது கொரண்டம் என்று வழங்குவதும் நம் சொல்லிலிருந்தே போனது. குருந்தத்தை உருக்கி, அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரமும் செய்து, நாள் முழுதும் ஓட்டுவது தொழிலாக நடக்காது. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் 1807-இல் மின்சாரத்தால் பிரித்துக் காட்டிய ஹம்ப்ரி டேவியே அலுமினாவிடம் தோற்றார்.

வழி காட்டியது கிரையோலைட். சோடியம், அலுமினியம், ஃபுளூரின் மூன்றும் சேர்ந்த கனிமம் அது. பெருமளவில் கிடைத்த ஒரே இடம் கிரீன்லாந்தின் இவிட்டூட். அந்தச் சுரங்கம் தீர்ந்துபோய் இப்போது ஆலைகளிலேயே செய்கிறார்கள். கிரையோலைட் ஏறத்தாழ 1,010 டிகிரியில் உருகித் தெளிந்த திரவமாகும். அதில் அலுமினாப் பொடியைப் போட்டால் கரைந்துவிடும்.

"கிரையோலைட் அலுமினாவின் உருகுநிலையைக் குறைக்கிறது" என்று புத்தகத்தில் படித்தது மனத்தில் தவறான படத்தை உண்டாக்குவது இங்கேதான். சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி வேண்டும். ஆனால் ரசத்தில் போட்டவுடன் மறைந்துவிடுகிறது. தண்ணீர் உப்பின் உருகுநிலையைக் குறைத்துவிட்டது என்று நாம் சொல்வதில்லை. உப்பு கரைந்தது என்கிறோம். அலுமினா உப்பு என்றால் கிரையோலைட் தண்ணீர். கிரையோலைட் சேர்ந்த கலவை குறைந்த சூட்டில் திரவமாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தொட்டியில் அலுமினா உருகுவதே இல்லை, கரைகிறது. அதுவும் நூற்றுக்குச் சில பங்கு மட்டும்தான்; மற்றதெல்லாம் கிரையோலைட். வேறு சில உப்புகளும் கொஞ்சம் சேர்த்து, தொட்டியை 960 டிகிரி அளவில் ஓட்டுகிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இருவர். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் என்ற சிற்றூரில், வீட்டுக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையில், தானே செய்த பேட்டரிகளோடு சார்ல்ஸ் மார்ட்டின் ஹால். பிரான்சில் தன் குடும்பத்தின் தோல் பதனிடும் பட்டறையில் பால் எரூ. இருவரும் 1863-இல் பிறந்தவர்கள், இருவரும் 1886-இல் வெற்றி கண்டார்கள், இருவரும் 1914-இல் இறந்தார்கள். ஹாலின் முதல் சோதனைகள் களிமண் மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், நடந்து தோற்றன. மாணிக்கத்தின் மூலப்பொருளையே கரைக்கிற திரவம் களிமண்ணிலுள்ள சிலிக்காவை விட்டுவைக்குமா? மூசையின் உள்சுவருக்குக் கரிப் பூச்சு கொடுத்த பிறகே, 1886 பிப்ரவரி 23 அன்று வெள்ளி நிறத்தில் சிறு சிறு அலுமினிய உருண்டைகள் கிடைத்தன. அவருடைய அக்கா ஜூலியாவும் வேதியியல் படித்தவர். அந்தச் சோதனைகளில் கூட இருந்தவர். இன்றுவரை உலகம் முழுதும் ஓடும் முறைக்கு ஹால்–எரூ முறை என்றுதான் பெயர்.

தொட்டிக்குள்

ஆலையில் இதற்குப் பாட் என்றே பெயர். செவ்வகமான பெரிய எஃகுத் தொட்டி, உட்புறம் முழுக்கக் கரிக்கட்டைகளால் ஆன தளம். அந்தத் தளம் எதிர்மின்வாய். மேலிருந்து கரிப் பாளங்கள் வரிசையாகத் தொங்குகின்றன, அவை நேர்மின்வாய். இரண்டுக்கும் நடுவே கிரையோலைட் குளம்.

மின்சாரம் விட்டால் கீழே அலுமினியம் பிரிகிறது. அந்தச் சூட்டில் அது திரவம்தான், ஏனென்றால் அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். உருகிய கிரையோலைட்டைவிட அது சற்றே கனமானது. அதனால் அடியில் தங்கி, மேலுள்ள திரவத்தால் மூடப்பட்டு, காற்றின் கண்ணில் படாமல் பத்திரமாக இருக்கிறது. வித்தியாசம் மிகக் கொஞ்சம்தான். அது தலைகீழாக இருந்திருந்தால் பிறந்த அலுமினியம் மிதந்து மேலே வந்து எரிந்துபோயிருக்கும். சில நாள் ஓடிய தொட்டியில் இந்த உலோகக் குளமே எதிர்மின்வாய் வேலையைச் செய்கிறது. புதிய அலுமினியம் பழைய அலுமினியத்தின் மேலேயே பிறக்கிறது. நாளுக்கு ஒரு முறையோ என்னவோ, உறிஞ்சு குழாய் பொருத்திய பெரிய கொப்பரையைக் கொண்டுவந்து அதை எடுத்துப் போவார்கள்.

மேலே நடப்பது இன்னும் முக்கியம். ஆக்சிஜன் கரிப் பாளத்திடம் வருகிறது. எலக்ட்ரானைக் கழற்றிய கையோடு கரியைப் பிடித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. அதாவது நேர்மின்வாய் தேய்ந்துகொண்டே வருகிறது. ஒரு டன் அலுமினியத்துக்கு 400 கிலோவுக்கு மேல் கரி போகும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பாளத்தை மாற்ற வேண்டும். "கிராஃபைட் கம்பி கரண்ட் கடத்துவதற்கு" என்று மட்டும் நினைத்திருந்தால் அது பாதிக் கதை. கரி இங்கே பங்காளி. தனியாக நின்று அலுமினியத்திடமிருந்து ஆக்சிஜனைப் பறிக்க முடியாத அதே கரி, மின்சாரத்தோடு சேர்ந்து இழுக்கிறது. கரி இல்லாத முனையைப் பயன்படுத்தினால் வினையைத் தொடக்கவே 2.2 வோல்ட் போல வேண்டும். கரி கைகொடுப்பதால் 1.2 வோல்ட் போதும்.

ஆனால் நடைமுறையில் ஒரு தொட்டிக்கு 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் கொடுக்கிறார்கள். டார்ச் செல் மூன்றை வரிசையாக வைத்தால் வரும் அளவு. மிச்ச வோல்ட் எங்கே போகிறது? பெரும்பகுதி, திரவத்தின் தடையைத் தாண்டிப் போவதில் வெப்பமாகிறது. அந்த வெப்பம்தான் தொட்டியை 960 டிகிரியில் வைத்திருக்கிறது. தனியாக அடுப்போ ஹீட்டரோ கிடையாது. "மின்சாரம் உருக்குகிறது" என்ற எண்ணம் இதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். கொடுக்கிற ஆற்றலில் ஏறத்தாழ பாதி வெப்பமாகவே வெளியேறுகிறது. ஆனால் மீதிப் பாதி, உலோகத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது.

வோல்ட் இவ்வளவுதான் என்றாலும், ஆம்பியர் மலைக்க வைக்கும். வீட்டு ஏசி 6, 7 ஆம்பியர் இழுக்கும். ஒரு தொட்டியில் ஓடுவது 1 லட்சம் ஆம்பியருக்கு மேல். புதிய ஆலைகளில் 5 லட்சத்தையும் தாண்டும். திருவிழா சீரியல் லைட்டில் ஒரு பல்பு வழியே போன கரண்டே அடுத்த பல்புக்கும் போகிறதே, அதுபோல 200, 300 தொட்டிகளை வரிசையாகக் கோத்துவிடுகிறார்கள். அத்தனை தொட்டியிலும் அதே எலக்ட்ரான் ஓட்டம் வேலை செய்கிறது. அங்கே எழும் காந்தப்புலத்தில் பழைய முள் கடிகாரங்கள் நின்றுவிடும்.

அலுமினா தீரத் தீர மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குழம்பின் மேல் ஆடை கட்டுவதுபோல் தொட்டியின் மேல் உறைந்த ஓடு இருக்கும். அதைக் குத்தி ஓட்டை போட்டுப் பொடியை இறக்குவார்கள். அளவு குறைந்துபோனால் பாளத்தின் அடியில் வாயுப்படலம் கட்டி, வோல்ட் திடீரென்று 20, 30 என்று ஏறிவிடும். பழைய ஆலைகளில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பல்பு மாட்டியிருப்பார்கள். பல்பு எரிந்தால் அந்தத் தொட்டிக்குப் பசி. தொழிலாளி பச்சை மரக்கழியைத் திரவத்துக்குள் செருகுவார். மரத்தின் ஈரம் ஆவியாகிக் கொப்பளித்து அந்தப் படலத்தைக் கலைக்கும். இப்போது கணினி பார்த்துக்கொள்கிறது. அதில் பெரிய நன்மை உண்டு, ஏனென்றால் அந்தப் பசி நேரத்தில் கிரையோலைட்டின் ஃபுளூரின் கரியோடு சேர்ந்து, கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு கடுமையாகப் பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் உண்டாகின்றன.

இந்தப் பகுதியின் சாரம்: கிரையோலைட்டில் அலுமினா கரைகிறது. கீழே அலுமினியம் எலக்ட்ரான் வாங்கி உலோகமாகிறது. மேலே ஆக்சிஜன் எலக்ட்ரான் கொடுத்துக் கரியோடு வெளியேறுகிறது. கிரையோலைட் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அலுமினா, கரி, மின்சாரம் மூன்றும் செலவாகின்றன.

ஒரு கிலோவுக்கு எவ்வளவு?

அணுவுக்கு மூன்று எலக்ட்ரான் என்ற கணக்கைப் பெருக்கினால், ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 2,980 ஆம்பியர்-மணி வருகிறது. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி 20 பேட்டரியை முழுக்கக் காலி செய்தால் வரும் எலக்ட்ரான்கள் ஒரு கிலோ அலுமினியத்துக்குள் போய் உட்காருகின்றன. எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் இந்த எண் குறையாது. வோல்ட்டைக் குறைக்கத்தான் முயலலாம்.

யூனிட்டில் சொன்னால் கிலோவுக்கு 13 முதல் 15. தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள். அந்த 100 யூனிட்டை வைத்து 7 கிலோ அலுமினியம்தான் எடுக்க முடியும்.

தாது இருக்கும் இடமா, மின்சாரம் இருக்கும் இடமா?

இப்போது ஒடிசாவைப் பாருங்கள். அரசுத் துறையின் நால்கோ நிறுவனத்துக்குப் பாக்சைட் சுரங்கம் கோராபுட் மாவட்டத்தில் பஞ்சபத்மாலி மலையில். அருகே தாமன்ஜோடியில் அலுமினா ஆலை. ஆனால் மின்தொட்டிகள் அங்கே இல்லை. பல நூறு கிலோமீட்டர் தள்ளி, தால்சேர் நிலக்கரிக்குப் பக்கத்தில் அங்குல் என்ற ஊரில் இருக்கின்றன. ஆண்டுக்கு 4.6 லட்சம் டன் திறனுள்ள அந்த ஆலைக்கென்றே 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் உண்டு. வெள்ளைப் பொடியை ரயிலில் ஏற்றிப் போவது எளிது, அந்த அளவு மின்சாரத்தைத் தேடுவதுதான் கடினம். ஐஸ்லாந்தில் பாக்சைட்டே கிடையாது. ஆனால் ஆற்று நீரிலிருந்தும் பூமியின் சூட்டிலிருந்தும் மின்சாரம் ஏராளம். அதனால் கடல் கடந்து அலுமினா அங்கே போய், உலோகமாகத் திரும்புகிறது.

நம் பக்கத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. ஏற்காட்டுச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் இருந்தது. கீழே மேட்டூரில் அணை மின்சாரம் இருந்தது. 1960களில் அங்கே மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, உலோகம் எடுக்கத் தொடங்கியது. 2008-இல் அந்த உருக்காலை நின்றது. அதன் அனல்மின் நிலையம் மட்டும் தொடர்ந்து ஓடி மின்சாரத்தை விற்றது. அலுமினியமாக மாற்றி விற்பதைவிட மின்சாரமாகவே விற்பது மேல் என்று ஆகும்போது, ஓர் அலுமினிய ஆலையின் கதை முடிந்துவிடுகிறது.

மின்வெட்டு இந்தத் தொழிலுக்கு எமன். சில மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் தொட்டி உறைந்து பாறையாகிவிடும். அப்புறம் சுவிட்ச் போட்டால் ஓடாது. உடைத்து, சுத்தம் செய்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மின்சாரம் நீரிலிருந்து வந்தாலும் கரிப் பாளம் எரிவதால் ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும். தேயாத முனை ஒன்றைக் கொண்டுவந்துவிட்டால் வெளியே வருவது வெறும் ஆக்சிஜனாக இருக்கும். கனடாவில் 2018-இல் அல்கோவாவும் ரியோ டின்டோவும் சேர்ந்து எலிசிஸ் என்ற நிறுவனத்தை இதற்காகவே தொடங்கின. மேலே சொன்ன 1.2, 2.2 வோல்ட் வித்தியாசம் ஞாபகம் இருக்கிறதா? கரியை விலக்கினால் அது செய்துவந்த வேலையையும் மின்சாரமே செய்ய வேண்டும். அதை எங்கே மிச்சம் பிடிப்பது என்பதுதான் அவர்கள் முன்னுள்ள கடினமான கேள்வி.

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்

தெருவில் இந்தக் குரலைக் கேட்டு, நசுங்கிய அலுமினியக் குண்டானைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றவர்களுக்கு ஒன்று. நீங்கள் கொடுத்த குண்டானில் ஆக்சிஜன் ஏற்கெனவே பிரிக்கப்பட்டுவிட்டது. எலக்ட்ரான்கள் திரும்பக் கொடுக்கப்பட்டுவிட்டன. கடினமான வேலை என்றோ எங்கோ ஓர் ஆலையில் முடிந்துவிட்டது. இனி அதை 660 டிகிரிக்கு மேல் சூடாக்கி அச்சில் ஊற்றினால் போதும். இங்கே நடப்பதுதான் உண்மையான உருக்கல். தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் இதற்குச் செலவாகும்.

கொஞ்சம் நஷ்டமும் உண்டு. ஒவ்வொரு துண்டின் மேலும் அந்த மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கிறதல்லவா? உருக்கும்போது அது சாம்பல் நிறக் கசடாக மேலே மிதக்கும். காற்றுப் பட்டு இன்னும் கொஞ்சம் உலோகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். தடித்த குண்டானில் இது சொற்பம். சாப்பாடு பொதியும் மெல்லிய அலுமினியத் தாளில் குண்டானில் இருப்பதைவிடத் தோலின் பங்கு அதிகம், அதனால் அதில் இழப்பும் அதிகம். கரண்டியால் வழித்து எடுக்கும் அந்தக் கசடில் இருப்பது மறுபடி அலுமினா. அதை உலோகமாக்க வேண்டுமானால் கிரையோலைட் தொட்டிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும், கிலோவுக்கு 2,980 ஆம்பியர்-மணியோடு.